ராஜாவின் மரத்தில் ஒரு மேசை

கெசையா ஹோய்ட் தன் அறுபத்தெட்டு வருஷ வாழ்க்கையில் பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டவள் அல்ல. அவள் கேட்டதெல்லாம் ஒரு சாப்பாட்டு மேசை. கொல்லைப்புறத்தில் நின்ற பைன் மரத்தை அறுத்து, ஒட்டுப்போடாமல் ஒரே பலகையில் செய்த மேசை. அதன் ஒரு பக்கம் புருஷன், எதிர்ப்பக்கம் அண்ணன், நடுவில் அவள். இந்த மேசைக்காக அவள் இருபத்தோரு வருஷம் காத்திருந்தாள். இடையில் ஒரு ராஜா குறுக்கே வந்துவிட்டார்.

அண்ணன் பர்சில்லாய்தான் அவளை வளர்த்தவன். அப்பாவும் அம்மாவும் ஒரே மாதத்தில் தொண்டை அடைப்பான் கண்டு போய்விட்டார்கள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது, அவனுக்குப் பதினாறு. தங்கச்சிக்குச் சோளக்கூழ் கிண்டவும் தலை பின்னவும் அவனே கற்றுக்கொண்டான். கூழ் தேவலாம். பின்னல்தான் கயிறு முறுக்கியதுபோல் இருக்கும் என்று அவள் கிழவியான பிறகும் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு வயது வந்ததும், தன்னோடு காட்டில் வேலை செய்த சிநேகிதன் அசாஹெலையே பார்த்துக் கட்டி வைத்தான். தான் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இரண்டு பேருக்கும் இங்கிலாந்து ராஜாவின் கப்பல்களுக்குப் பாய்மரம் வெட்டுகிற வேலை. நூற்றைம்பது அடி உயர வெள்ளைப் பைன் சும்மா தரையில் விழுந்தால் மண்பானை மாதிரி சிதறிப்போகும். அதனால் பனி இடுப்பளவு விழுகிற வரை காத்திருந்து, சின்ன மரங்களை வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அதற்கு மேல் பனியை அள்ளிப்போட்டு மெத்தை கட்டுவார்கள். மரத்தைத் தேர்ந்தெடுப்பது பர்சில்லாய். மெத்தை போடுவது அசாஹெல். அசாஹெல் போட்ட மெத்தையில் விழுந்த மரம் எதிலும் ஒரு கீறல் கிடையாது. அதில் அவனுக்கு அடக்க முடியாத பெருமை உண்டு.

கல்யாணமாகி ஆல்டர்புரூக்கில் குடிவந்த அன்று, வீட்டுக்குப் பின்னால் நின்ற பைனை அசாஹெல் கட்டிப் பிடித்துப் பார்த்தான். பாதி கூடக் கைக்கு அடங்கவில்லை.

"கெசையா, இது உன் மேசை. ஒரே பலகை. ஒரு குளிர்காலம் பொறு, நல்ல பனி விழட்டும், மெத்தை போட்டு அலுங்காம இறக்கித் தர்றேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் பீப்பாய் மேல பலகையைப் போட்டுச் சாப்பிடுவோம். ராஜாவே வந்தாலும் அதுலதான் சாப்பாடு."

ராஜா வரவில்லை. அவருடைய கோடரி வந்தது.

அமெரிக்கா அப்போது இங்கிலாந்து ராஜாவின் கையில் இருந்தது. எங்கள் பக்கத்துச் சட்டம் அப்படி. இரண்டு அடி குறுக்களவுக்கு மேல் போன வெள்ளைப் பைன் எவன் நிலத்தில் முளைத்தாலும் அது ராஜாவுக்கு. அவருடைய ஆள் வந்து பட்டையை வெட்டி அம்புக்குறி போட்டுவிட்டால், நிலத்துக்காரன் அதை அண்ணாந்து பார்க்கலாம், நிழலில் உட்காரலாம், அவ்வளவுதான். அகலப் பலகை வீட்டில் இருந்தாலே சந்தேகம். அதனால் எங்கள் ஊர் வீடுகளில் தரைப்பலகை எல்லாம் சொல்லி வைத்ததுபோல் இருபத்திரண்டு அங்குலம். அறுபது அங்குல மரத்திலிருந்து அறுத்ததும் இருபத்திரண்டு, முப்பது அங்குல மரத்திலிருந்து அறுத்ததும் இருபத்திரண்டு. அளக்க வந்த அதிகாரி, "உங்கள் ஊர் மரங்கள் ரொம்பக் கீழ்ப்படிதல் உள்ளவை" என்று சிரித்தாராம். ஊரார் சிரிக்கவில்லை.

கல்யாணத்துக்கு அடுத்த இரண்டு குளிர்காலமும் பனி ஏமாற்றிவிட்டது. மூன்றாம் வருஷம் குறி போடுகிற வேலையை பர்சில்லாய்க்கே கொடுத்தார்கள். நல்ல சம்பளம், நீல மேல்சட்டை, தோல் உறையில் ஒரு கைக்கோடரி. அக்டோபரில் ஒருநாள் அவன் அந்தச் சட்டையோடு தங்கச்சி வீட்டுக் கொல்லையில் வந்து நின்றான். கெசையா பூசணிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் சாப்பிட வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தாள்.

டக், டக், டக் என்று மூன்று வெட்டு. அம்புக்குறி.

"அண்ணே! என்ன காரியம் பண்றே? அது என் மேசை!"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா வெட்டினே?"

"உன் மரத்தை விட்டுட்டு ஊரான் மரத்துல மட்டும் வெட்டினா நான் மனுஷனா? நாளைக்கு நாலு பேர் என் மூஞ்சியில காறித் துப்ப மாட்டாங்களா?"

அதுதான் பர்சில்லாய். லஞ்சம் வாங்குகிறவனாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவன் நேர்மைதான் எல்லாரையும் படுத்தியது. அசாஹெல் காட்டிலிருந்து வந்து மரத்தைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான்.

"மச்சான், வேற மரமே கிடைக்கலையா உனக்கு?"

"இந்த ஜில்லாவுலயே இதைவிட நேரான மரம் இல்ல மாப்ளே. உனக்கும் தெரியும்."

"தெரியும். அதுதான் வயித்தெரிச்சல்."

அன்றைக்கு மூன்று பேரும் பீப்பாய்ப் பலகையில் அவரையோடு வேகவைத்த பன்றி இறைச்சியைச் சாப்பிட்டார்கள்.

போர் எப்படி வந்தது என்று பாஸ்டன்காரர்களைக் கேட்டால் தேயிலை என்பார்கள், முத்திரைக் காகிதம் என்பார்கள், நம்மைக் கேட்காமலே நம் மேல் வரி போட்டார்கள் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் கெசையாவைக் கேட்டால் வேறு ஒன்று சொல்வாள். போர் அவள் புருஷனுடைய ஆமெனில் வந்தது.

வருஷா வருஷம் நவம்பரில், அறுவடை எல்லாம் உள்ளே வந்த பிறகு, நன்றித் திருநாள் அன்று பர்சில்லாய் இங்கேதான் சாப்பிடுவான். குடும்பத்தில் மூத்தவன் என்று ஜெபமும் அவன்தான் செய்வான். சோளத்துக்கு நன்றி, பூசணிக்கு நன்றி, உயிரோடு இருப்பதற்கு நன்றி. அது முடிந்ததும் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "எங்கள் ராஜாவை ஆசீர்வதியும்" என்பான். உடனே அசாஹெல் சாளரக் கண்ணாடி அதிர ஆமென் சொல்வான். அவன் குரல் அப்படி. மரம் சாயும்போது காடு முழுக்கக் கேட்கக் கத்திப் பழகிய குரல்.

மரத்தில் குறி விழுந்த வருஷம் அந்த ஆமென் ஒரு மூச்சு தாமதமாக வந்தது. பாஸ்டனில் சிப்பாய்கள் வந்து இறங்கிய வருஷம் ஆமெனோடு ஒரு இருமலும் வந்தது. அந்தச் சிப்பாய்கள் தெருவில் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார்கள் என்று கேள்விப்பட்ட வருஷம், தட்டைப் பார்த்து முணுமுணுத்தான். கெசையா ஒவ்வொரு வருஷமும் கண்ணை மூடிக்கொண்டு அதற்காகக் காத்திருப்பாள். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா என்று காது கொடுப்பாள். அவளுக்கும் ராஜா மேல் கோபம் இல்லாமல் இல்லை. தேயிலையை விட்டுவிட்டு முள்ளுப்பழ இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தவள்தான். குடிக்கும்போதெல்லாம் ராஜாவைத் திட்டியவள்தான். ஆனால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அவளுக்கென்று இருந்தது அந்த இரண்டு ஆண்கள் மட்டும்தான். ராஜா யாருக்கு வேண்டும்? அவர்கள் இரண்டு பேரும் ஒரே பலகையில் சாப்பிட்டால் போதும்.

மரம் அறுக்கும் ஆலையில் பெரிய தகராறு வந்தது ஆயிரத்து எழுநூற்று எழுபத்து மூன்றாம் வருஷம், பனி உருகும் நேரத்தில். ஆலை முற்றத்தில் கிடந்த இருபத்தேழு மரங்கள் ராஜாவுடையவை என்று பர்சில்லாய் அளந்து எழுதிக் கொடுத்துவிட்டான். ஊரில் பாதிப் பேருக்கு அபராதம். பின்னே சும்மா இருப்பார்களா? ஒரு விடியற்காலையில் இருபது பேர் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, ஆளுக்கொரு மிலாறுக் குச்சியோடு பர்சில்லாயின் வீட்டுக்குள் புகுந்தார்கள். மரத்துக்கு ஒரு அடி. அப்படித்தான் தீர்ப்பு.

அன்று காலை அசாஹெல் வாளியில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து கஞ்சிக்கு உட்கார்ந்தான். கெசையா கிண்ணத்தை வைக்கக் குனிந்தாள். இடது காதுக்குப் பின்னால் கரி.

"போனீங்களா?"

அவன் கரண்டியைப் பார்த்தான்.

"கேக்கிறேன்ல. எங்க அண்ணன் வீட்டுக்குப் போனீங்களா?"

"போனேன்."

"அடிச்சீங்களா?"

அவன் காதைத் தேய்த்துக்கொண்டான். அவள் கிண்ணத்தை எடுத்துக் கஞ்சியைப் பன்றிக்குக் கொட்டிவிட்டு, வாத்துக் கொழுப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். அவன் குப்புறப் படுத்திருந்தான். யார் அடித்தது என்றால், "கரி மூஞ்சி எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு" என்று சுவரைப் பார்த்தான். அவள் அழுதுகொண்டே கொழுப்பைத் தடவினாள். முதுகில் ஐந்து தழும்புதான் இருந்தது. ஊரே இருபத்தேழு அடி என்று பீற்றிக்கொண்டிருந்தது. ஆண்டவர் கருணை என்று நினைத்துக்கொண்டாளே தவிர, அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. வேனில் முழுக்கப் புருஷனுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனும் வாயைத் திறக்கவில்லை.

அந்த நவம்பரிலும் பர்சில்லாய் வந்தான். அசாஹெலின் உதடு மட்டும் அசைந்தது. அடுத்த மாதம் பாஸ்டனில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். ராஜா அந்தத் துறைமுகத்தையே பூட்டிவிட்டார். அந்த ஊர் பசியில் கிடக்கிறது என்று எல்லா ஊர்களும் வண்டி வண்டியாய்த் தானியம் அனுப்பின. கெசையாவும் தன் சோள மூட்டை ஒன்றை வண்டியில் ஏற்றிவிட்டாள். எங்கள் மைதானத்தில் வாரத்துக்கு இரண்டு முறை துப்பாக்கிப் பயிற்சி. துப்பாக்கி இல்லாதவன் மண்வெட்டிக் காம்போடு நின்றான்.

எழுபத்து நான்காம் வருஷத்து நன்றித் திருநாளுக்கு அவள் நாள் முழுக்கச் சமைத்தாள். வான்கோழி, பூசணிப் பணியாரம், ஆப்பிள் மது. நன்றாகச் சாப்பாடு போட்டால் ராஜ்யச் சண்டை அடங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை. பர்சில்லாய் ஜெபம் செய்தான். சோளம், பூசணி, உயிர். "எங்கள் ராஜாவை ஆசீர்வதியும்."

அடுப்பில் ஒரு கட்டை வெடித்தது. வேறு சத்தம் இல்லை.

பர்சில்லாய் கண்ணை மூடியபடியே காத்திருந்தான். பிறகு திறந்தான்.

"மாப்ளே. ஒரு வார்த்தைதானே?"

"ஒரு வார்த்தைதான் மச்சான். வாய்க்குள்ளயே நிக்குது. வரமாட்டேங்குது."

"அவர் உப்பைத் தின்னுதானே நீயும் நானும் ஆளானோம்?"

"மரம் வெட்டினது நான். மெத்தை போட்டது நான். அவர் உப்பாம்!"

கெசையா பதறிப்போய் தானே ஆமென் சொன்னாள். யார் காதிலும் அது விழுந்ததாகத் தெரியவில்லை. பர்சில்லாய் எழுந்து நீலச் சட்டையை மாட்டிக்கொண்டான்.

"அண்ணே, என் வீட்டுல கை நனைக்காமப் போறியா?"

"இன்னொரு நாள் வர்றேம்மா" என்றான்.

ஊர்க்கமிட்டி ஒரு காகிதம் வைத்திருந்தது. ராஜாவின் சாமான் வாங்கமாட்டேன், ஊரோடு நிற்பேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அவன் போடவில்லை. உடனே டோரி என்று பெயர் கட்டினார்கள். ராஜாவின் ஆள் என்பதற்கு எங்கள் ஊரில் அதைவிடக் கேவலமான சொல் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முன்பே அவன் போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்குப் போய்விட்டான். அங்கிருந்து கப்பலேறி வடக்கே ஹாலிஃபாக்ஸுக்கு. தங்கச்சியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவன் கைக்கோடரி மட்டும் ஒருநாள் காலையில் அவள் வீட்டு வாசற்படியில் கிடந்தது.

ஏப்ரலில் லெக்சிங்டனில் ராஜாவின் சிப்பாய்கள் ஊர்க்காரர்களைச் சுட்டுவிட்டார்கள் என்று குதிரைக்காரன் சொல்லிக்கொண்டே போனான். அடுத்த நாள் காலை முப்பது பேர் புறப்பட்டார்கள். அவர்களை நடத்தியவர் காப்டன் ஜெதிதியா மரில். ஊர்க்காரர்களே கை தூக்கித் தேர்ந்தெடுத்த காப்டன், தொழில் செருப்புத் தைப்பது. ஹோய்ட் வீட்டைத் தாண்டும்போது அவர் நின்றார்.

"ராஜாவோட மரம் இன்னும் ஜம்முன்னு நிக்குதே! இதை வச்சுக்கிட்டா நாம சண்டைக்குப் போறது? சாய்ங்கடா!"

அசாஹெல் பையைக் கீழே வைத்தான். "காப்டன், பனி இல்ல. கீழ பூராவும் பாறை. மெத்தை போட ரெண்டு நாள் ஆகும். இப்பச் சாய்ச்சா சிதறிடும்."

"ராஜா மரத்துக்கு மெத்தையா? தலகாணியும் வச்சு, தாலாட்டும் பாடுவியா அசாஹெல்?"

முப்பது பேரும் சிரித்தார்கள். நாலு பேர் ஏற்கெனவே கோடரியோடு மரத்தடிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வெட்டினால் மரம் வீட்டு மேல்தான் விழும் என்று பார்த்தவுடனேயே அசாஹெலுக்குத் தெரிந்தது. அதனால் அவர்களைத் தள்ளிவிட்டுத் தானே வெட்டினான். ஆனால் இதையும் சொல்லிவிட வேண்டும்: வெட்ட வெட்ட அவனுக்கும் வெறி ஏறியது. இரண்டு மணி நேரம், அந்த மரம்தான் ராஜா என்பதுபோல் வெட்டினான்.

வழிக்கு ரொட்டி கட்டிக்கொண்டிருந்த கெசையா வாசலுக்கு வந்தபோது மரம் சாய்ந்துகொண்டிருந்தது. அவன் கத்தவேண்டிய கத்தலைக் கத்தவில்லை. மரம் தரையைத் தொட்டதும் பூமி குலுங்கியது. ஊரார் ஹோவென்று ஆர்ப்பரித்தார்கள். புழுதி அடங்கியதும் அந்த ஆர்ப்பரிப்பும் அடங்கிவிட்டது. எல்லாரும் மரக்காரர்கள். என்ன செய்திருக்கிறோம் என்று பார்க்கத் தெரிந்தவர்கள். மரம் நாலு துண்டாக உடைந்து, உடைந்தது ஒவ்வொன்றும் நீளவாக்கில் பிளந்து கிடந்தது.

"ராஜாவுக்கும் இல்ல, எனக்கும் இல்ல" என்றாள் கெசையா.

அசாஹெலால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மெத்தை போடாமல் அவன் கையால் விழுந்த ஒரே மரம் அதுதான். அவன் அடிமரத்துப் பக்கம் போய், கோடரியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டான்.

"கெசையா, இந்த அடித்துண்டு மட்டும் பிளக்கல. நாலடி தேறும். விறகாக்கிடாத."

"நீங்க திரும்பி வருவீங்களா?"

"நாலடி தேறும்னு சொல்றேன்ல" என்றான். அவன் கண் நிறைந்திருந்தது.

மூன்று குளிர்காலம் அவள் தனியாக இருந்தாள். விறகில்லாமல் நாற்காலியை உடைத்து எரித்த நாளும் உண்டு. அந்த அடித்துண்டைத் தொடவில்லை. பக்கத்து வீட்டு எருதைக் கடன் வாங்கி, அதைக் கல் மேல் ஏற்றி, பட்டையை உரித்து, இரண்டு முனையிலும் கொழுப்புப் பூசி, மேலே தட்டி கட்டி வைத்தாள். அசாஹெல் அறுவடைக்கு வருவான், போவான். பென்னிங்டன் சண்டையில் இடது கையில் இரண்டு விரலைப் பறிகொடுத்துவிட்டு, எழுபத்தெட்டாம் வருஷம் ஒரேயடியாக வந்து சேர்ந்தான்.

ரம்பப் பள்ளத்தில் நின்று அறுக்க இரண்டு ஆள் வேண்டும். மூன்று விரல் கைக்காரனோடு கூலிக்கு அறுக்க யார் வருவார்கள்? கெசையா பாவாடையைச் சொருகிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினாள். மேலே அவன், கீழே அவள். ஒன்பது நாள். மரத்தூள் அவள் கண்ணிலும் வாயிலும் கொட்டியது. "மெதுவா இழுடி" என்பான் மேலிருந்து. "நீங்க பேசாம தள்ளுங்க" என்பாள் கீழிருந்து. அந்த ஒன்பது நாளில்தான் அவர்கள் மறுபடியும் புருஷன் பெண்டாட்டியானார்கள் என்று நினைக்கிறேன்.

நாற்பது அங்குல அகலத்தில் ஒரே பலகை வந்தது. அதன் ஒரு ஓரத்தில் மூன்று வடு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் விழுந்த வெட்டை மரம் தன் சதையால் மூடி வைத்திருந்தது. அசாஹெல் இழைப்புளியை எடுத்தான்.

"அந்த இடத்தைத் தொடாதீங்க" என்றாள்.

"ராஜா குறியை வச்சுக்கிட்டா சாப்பிடணும்?"

"ராஜா குறி இல்ல. எங்க அண்ணன் வெட்டினது."

நாலடி மேசைக்கு மூன்று முக்காலி. வடு இருந்த பக்கத்து முக்காலியில் யாரையும் அவள் உட்கார விடவில்லை.

ராஜா தோற்று, போர் முடிந்து சமாதானம் வந்தது. ஓடிப்போன டோரிகள் திரும்பி வருவார்கள் என்று பேச்சு கிளம்பியதும் ஊர்க்கூட்டம் போட்டார்கள். வரக்கூடாது, வந்தால் யாரும் சோறும் நெருப்பும் கொடுக்கக்கூடாது என்று தீர்மானம். தூக்கிய கைகளில் மூன்று விரல் கையும் ஒன்று. கெசையாவுக்கு அன்று மாலையே சேதி வந்துவிட்டது. ஒரு வாரம் அவனுக்கு ஆறிப்போன கஞ்சிதான்.

"அத்தனை பேரும் என் கையைத்தான் பாத்தாங்க கெசையா" என்றான் ஏழாம் நாள். "என் கூடப் போன முப்பது பேர்ல பதினோரு பேர் இல்ல. அவங்க பொண்டாட்டிங்க எல்லாம் அங்க உக்காந்திருந்தாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"அண்ணன் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"அவன் எங்க வரப்போறான்?"

எண்பத்து நான்காம் வருஷம், நன்றித் திருநாள் அன்று நண்பகலில் அவன் வந்தான்.

கெசையா வான்கோழியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்து குளிர்காற்று வந்தது. ஒரு கிழவன் தடியை ஊன்றிக்கொண்டு நின்றான். தலை முழுக்க நரை. நீலச் சட்டைக்கு நிறமே இல்லை. அவனுக்கு அப்போது ஐம்பதுதான் என்று சொன்னால் நம்ப முடியாது. கெசையா, அண்ணே என்று கூப்பிட்டால் புருஷன் எழுந்து என்ன சொல்வானோ என்று பயந்து, கையில் தட்டோடு அசாஹெலையே பார்த்தாள். பத்து வருஷமாகக் காத்திருந்த ஒன்றை, இனி அவன் ஒரு சொல்லில் முடித்துவிடலாம்.

பர்சில்லாய் உள்ளே கால் வைக்கவில்லை. "மீன் படகு ஒண்ணுல வந்தேன். நாளைக்கே திரும்பிடுவேன். அவளை ஒரு தரம் பாத்துட்டுப் போகலாம்னுதான். தீர்மானம் எனக்கும் தெரியும்."

அசாஹெல் எழுந்தான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மச்சான், குளிர் உள்ள வருது. கதவைச் சாத்திட்டு வந்து உக்காரு."

கெசையா தட்டை வைத்துவிட்டு அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் உட்கார்ந்தான், காலியாகக் கிடந்த முக்காலியில்தான். உட்கார்ந்ததும் அசாஹெலின் கையைப் பார்த்தான்.

"விரல் எங்கடா?"

"பென்னிங்டன்ல. உன் ஆளுங்க எடுத்துக்கிட்டாங்க."

"ரொம்ப வலிச்சுதா?"

"மிலாறு அடி அளவுக்கு இருக்காது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார்கள். கெசையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு? இவரு உன்னை அடிச்ச அடிக்கு நான் எத்தனை நாள் அழுதிருக்கேன்!"

"அடிச்சானா?" பர்சில்லாய் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அடப் பைத்தியக்காரி, உன்கிட்ட இவன் சொல்லவே இல்லையா? முதல்ல ஒருத்தன் அஞ்சு போட்டான். அதுக்குள்ள இவன் பாஞ்சு வந்து, மச்சான் முதுகு எனக்கு, மிச்சத்தை நான் போடுறேன், எல்லாரும் வெளிய போய் நில்லுங்கன்னான். கதவைச் சாத்திட்டு என் மெத்தையை அடிச்சான். இருபத்திரண்டு அடி. இறகு பறக்குது. காதுகிட்ட வந்து, கத்து மச்சான், நல்லாக் கத்துங்கிறான். நானும் கத்தினேன். தொண்டை கட்டினதுதான் மிச்சம்."

கெசையா புருஷன் பக்கம் திரும்பினாள். அவன் திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"பதினோரு வருஷம்! ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ சந்தோஷப்படுவே. உன் மூஞ்சியில தெரிஞ்சிடும். ஊரு ரெண்டு பேரையும் கொன்னிருக்கும்" என்றான் அசாஹெல். "நீ கோவமா இருந்ததுதான் நல்லதாப் போச்சு."

அவளுக்கு அவன் தலையில் கரண்டியால் ஒன்று போடவும் தோன்றியது, அவன் காலில் விழவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் வான்கோழியை நடுவில் வைத்தாள்.

பர்சில்லாய் மேசையில் கையை ஊன்றினான். கட்டைவிரல் ஓரத்தில் போய் நின்றது. ஒரு வடு, இரண்டு, மூன்று. குனிந்து பார்த்தான். நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தான்.

"இது நான் வெட்டினது."

"தெரியும். ஆறுது, ஜெபம் பண்ணு" என்றாள் கெசையா.

மூன்று பேரும் கண்ணை மூடினார்கள். குரல் கிழடு தட்டியிருந்தாலும் ஜெபம் பழைய ஜெபம்தான். சோளத்துக்கு நன்றி, பூசணிக்கு நன்றி, உயிரோடு இருப்பதற்கு நன்றி. பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தியவன், "எங்கள்" என்றான். அதோடு நின்றுவிட்டான். பத்து வருஷத்துக்கு முன் ஊரையும் வீட்டையும் விட்டு எந்தச் சொல்லுக்காக எழுந்து போனானோ, அதை இந்த வீட்டில் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. சொல்லாமல் ஜெபத்தை முடிக்கவும் தெரியவில்லை. அடுப்பில் கட்டை வெடித்தது. கெசையா முன்போலவே காது கொடுத்துக் காத்திருந்தாள்.

"ஆமென்!"

சாளரக் கண்ணாடி அதிர்ந்தது. கெசையா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"நான் இன்னும் முடிக்கலையே மாப்ளே" என்றான் பர்சில்லாய்.

"இது இந்த வருஷத்தது இல்ல மச்சான்" என்றான் அசாஹெல். "அன்னைக்கு வராம நின்னுச்சே, அது."

பர்சில்லாய் வடுவின் மேலிருந்த கையை எடுத்து, மேசைக்குக் குறுக்கே நீட்டி, அந்த மூன்று விரல் கையைப் பிடித்துக்கொண்டான். கெசையா இரண்டு தட்டிலும் பரிமாறிவிட்டு, தன் தட்டில் போட்டுக்கொள்ள மறந்துபோய், அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.